சூப்பர்வைசர் ஆயிட்டீங்க, இனி ஆள எப்பிடி கோச்சிங் பண்றது?

போன மாசம் எங்க அக்கா மகன் போன் போட்டான். பந்திங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில, அதான் பாமாயில் எடுக்குற ஆலையில, ஆறு வருசமா ஆப்பரேட்டரா இருந்தவன், இப்ப ஷிஃப்ட் சூப்பர்வைசரா ஏத்திவிட்டுட்டாங்க. "மாமா, மேனேஜர் கூப்பிட்டு இனிமே ஒன் ஆளுங்கள நீதான் கோச்சிங் பண்ணணும்னு சொல்லிட்டாரு. சரி பாஸ்னு தலையாட்டிட்டு வந்துட்டேன், கோச்சிங்னா என்னா மாமா செய்யணும்?"னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் பேசுனோம். அவன மாதிரி நெறய பேரு இருப்பீங்க, நேத்து வரைக்கும் கூட வேல செஞ்ச ஆளுங்களுக்கே இன்னைக்கு பொறுப்பாளு ஆனவங்க. அதனால அவனுக்கு சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேத்து இங்க எழுதுறேன்.

நான் இருக்குறது மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா, எங்க ஊரு பெரியவங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்தி எங்க பாத்தாலும் செம்பனை. பக்கத்துல இருக்குற தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல மலாயாவுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாங்க, ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்கார துரை நட்டது. அப்பிடின்னா நூறு வருசத்துக்கு மேல இந்தப் பக்கத்துல ஆள் வச்சு வேல வாங்குற பழக்கம் இருக்கு, அந்தப் பழக்கம் எப்பிடிப்பட்டதுன்னு தோட்டத்துல பொறந்த யாருக்கும் சொல்லவே வேணாம். விடியக்கால பெரட்டு. எல்லாரும் வரிசையா நிக்கணும், கங்காணி பேரு கூப்பிடுவாரு, கணக்கு எழுதுற கிராணி புத்தகத்துல குறிப்பாரு, நேத்து எவன் பச்சக் குலை வெட்டுனான் எவன் உதிரிப் பழம் பொறுக்காம விட்டான்னு அத்தன பேரு முன்னாடியும் ஏச்சு விழும். எங்க அப்பா அந்த வரிசையில நின்னவரு. வீட்டுக்கு வந்தா அன்னைக்கு பூரா பேச மாட்டாரு. ஏச்சு வாங்குன மறுநாள் வேல நல்லா நடந்துச்சான்னு அப்பாகிட்ட ஒரு தடவ கேட்டேன், "பயத்துல நடந்துச்சுடா, அவரு அந்தாண்ட போனதும் பழையபடிதான்"னாரு.

இப்ப ஆலையில ஏசுறது கொறஞ்சிருச்சு, ஆனா வேற ஒண்ணு வந்து ஒக்காந்துகிச்சு. ஆளு வந்து "அண்ணே இது இப்பிடி ஆயிடுச்சு"ன்னு சொன்ன ஒடனே "இப்பிடி செய்யி, அப்பிடி செய்யி"ன்னு நாம பதில் குடுத்துடறோம். அது ஒதவி மாதிரி தெரியும். ஆனா அதே ஆளு அடுத்த வாரம் அதே பிரச்சனைய தூக்கிட்டு வருவாரு, ஏன்னா யோசிச்சது நீங்க, அவரு செஞ்சது டெலிவரி மட்டும். நான் சூப்பர்வைசர் ஆன மொத ரெண்டு வருசம் இப்பிடித்தான் ஓடுச்சு, லீவு எடுத்தா ஒரு நாளுக்கு இருவது போன் வரும், எனக்கு அது பெருமையா கூட இருந்துச்சு, நான் இல்லாம ஆலை ஓடாதுன்னு.

கோச்சிங்னா, ஒரு ஆளு தன் வேலைய தானே யோசிச்சு தானே சரி பண்ணிக்கிற அளவுக்கு வளர்றதுக்கு கூட நிக்கிறது. பெரும்பாலும் கேள்வி கேட்டு, காது குடுத்து கேட்டு, சொன்னபடி நடந்துச்சான்னு திரும்பப் போயி பாத்து செய்யிற வேல. அந்த வார்த்தையே வண்டியில இருந்து வந்தது. ஹங்கேரியில கோச்னு ஒரு ஊர்ல நல்ல குதிர வண்டி செஞ்சாங்க, ஊர் பேரே வண்டிக்கு வந்துருச்சு, பெறகு 1830 வாக்குல ஆக்ஸ்ஃபோர்ட் மாணவங்க பரீட்சைக்கு சொல்லிக்குடுக்குற வாத்தியார கோச்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, நம்மள கரை சேத்துவிடுறாருன்னு. விளையாட்டுக்கு வந்தது அதுக்கு அப்புறம்தான். ஆபீஸ், ஃபேக்டரிக்கு வந்ததுல டிமொதி கால்வேங்கிற ஒரு டென்னிஸ் கோச்சுக்கு பெரிய பங்கு உண்டு. 1974ல அவரு எழுதுன புத்தகம் டென்னிஸப் பத்தினதுதான், ஆனா கம்பெனிக்காரங்க எல்லாம் தேடிப் படிச்சாங்க. அவரு சொன்ன ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் புடிக்கும், ஒருத்தர்கிட்ட இருக்குற தெறமையில இருந்து தடங்கலக் கழிங்க, மிஞ்சுறதுதான் நம்ம கண்ணுல படுற வேல. அப்ப வேல சரியில்லன்னா தெறம இல்லன்னு முடிவு கட்டுறதுக்கு முந்தி தடங்கல் எங்கன்னு பாக்கணும்.

இத வெறும் பேச்சா வெச்சா புரியாது, அதனால நடந்த ஒண்ணு சொல்றேன். எங்க எடை மேடை ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, என்னைவிட பத்து வயசு மூத்தவங்க. லோரி பழத்தோட உள்ள வந்தா ஒரு எடை, கொட்டிட்டு வெளிய போறப்ப ஒரு எடை, வித்தியாசம்தான் பழம், எந்தத் தோட்டம், தோட்டத்துல எந்த பகுதி, அதான் எந்த புலோக்னு எழுதி சாயங்காலம் 5 மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். ஒரு வாரத்துல மூணு நாள் ஆறரை ஆயிடுச்சு. பழைய நானா இருந்தா "அக்கா, அஞ்சு மணின்னா அஞ்சு மணி"ன்னு சொல்லிட்டு போயிருப்பேன். அன்னைக்கு லோரி கூட்டம் ஓஞ்சப்புறம் நாக்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தேன்.

"அக்கா, அஞ்சு மணி ரிப்போர்ட் இந்த வாரம் திங்கள், புதன், வியாழன் மூணு நாளும் ஆறரைக்கு வந்துச்சு. டிஸ்பேட்ச் பண்றவங்க அதுக்காக காத்துக்கிட்டு நிக்கிறாங்க. என்னா நடக்குதுன்னு சொல்லுங்களேன்."

"வேல கூட தம்பி."

நான் ஒண்ணும் சொல்லல. இந்த எடம்தான் கஷ்டம், வாய் துறுதுறுன்னு இருக்கும். ஃபேன் சத்தம் மட்டும்தான். ஒரு பத்து செகண்டு இருக்கும், அவுங்களே தொடர்ந்தாங்க.

"லோரி வர்றதுல ஒண்ணும் இல்ல தம்பி. டிக்கெட்டுல புலோக் நம்பர் இல்லாம வருது. டிரைவரக் கேட்டா தெரியாதுங்குறான். ஒவ்வொண்ணுக்கும் தோட்டத்து ஆபீஸுக்கு போன் அடிக்கிறேன், அங்க கிராணி இருந்தா எடுப்பாரு, இல்லாட்டி இல்ல."

"ஒரு நாளுக்கு எத்தன அப்பிடி வருது?"

டிக்கெட் கட்ட எடுத்து எண்ணிப் பாத்தாங்க. நேத்து 11. எண்ணி முடிச்சப்ப அவுங்களுக்கே ஆச்சரியம், இத்தன இருக்கும்னு அவுங்களும் நெனைக்கல.

"என்னா செய்யலாம்னு தோணுது உங்களுக்கு?"

"என்னைய கேக்குறீங்க?"

"உங்களவிட இந்த டிக்கெட் வேற யாருக்கு தெரியும் அக்கா."

மொதல்ல கேட்லயே நிறுத்திடலாம்னாங்க, பெறகு அவுங்களே வேணாம்னுட்டாங்க, லோரி மெயின் ரோடு வரைக்கும் நிக்கும், பழம் வெயில்ல கெடந்தா கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய் தரம் எறங்கிடும்னு. அப்புறம் தோட்டத்துல ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் லோரிய அனுப்புறப்பவே சீட்டு மேல பெருசா மார்க்கர்ல புலோக் நம்பர் எழுதிடணும்னாங்க. ஏன் இப்ப எழுதலன்னு கேட்டேன். "பேனாவுலதான் எழுதுறாங்க தம்பி, மழ பட்டா அழிஞ்சிடுது." அதுவரைக்கும் எனக்கு அந்த விசயமே தெரியாது. அழியாத மார்க்கர் பேனா ஒரு பெட்டி வாங்கி, அவுங்களே ஒவ்வொரு மண்டோருக்கும் போன் பண்ணி விளக்கி, லோரிக்காரங்க கையில குடுத்து விட்டாங்க. நான் செஞ்சது ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போயி "இப்ப எத்தன வருது?"ன்னு கேட்டது மட்டும்தான். ஒண்ணோ ரெண்டோன்னாங்க.

நான் கேட்ட கேள்விங்கள வரிசையா பாத்தா, க்ரோன்னு உலகம் பூரா சொல்லிக்குடுக்குற ஒரு மொறைக்குள்ள அடங்கிடும். 1980கள்ல பிரிட்டன்ல உருவாச்சு, ஜான் விட்மோர்னு ஒரு முன்னாள் ரேஸ் கார்க்காரரு 1992ல எழுதுன புத்தகத்தால எல்லாருக்கும் தெரிய வந்துச்சு. என்னா வேணும், இப்ப நெலம என்னா, என்னென்ன வழி இருக்கு, அதுல எத எப்ப செய்யப் போறீங்க, நாலே கட்டம். நீங்க அத மனப்பாடம் பண்ண வேணாம், ஆனா ரெண்டாவது கட்டத்துல நல்லா ஒக்காருங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் அதத் தாண்டி வழிக்கு ஓடிடுவோம். எண்ணிப் பாக்குறது, நேர்ல போயி பாக்குறது, எப்ப நடக்குது எப்ப நடக்கலன்னு பிரிக்கிறது, இது முடிஞ்சாலே பாதி நேரம் வழி தானா தெரிஞ்சிடும். "ஏன்"னு ஆரம்பிக்கிற கேள்விய கொறச்சுக்கங்க, "ஏன் லேட்டு"ன்னு கேட்டா காதுல ஏச்சாத்தான் விழும், ஆளு சாக்கு தேட ஆரம்பிச்சுடுவாரு. "என்னா நடந்துச்சு", "எங்க மாட்டுது"ன்னு கேட்டா வாயத் தொறப்பாரு.

இத கத்துக்கிட்ட சூட்டுல நான் பண்ணுன தப்பையும் சொல்லணும், ஏன்னா புதுசா ஆரம்பிக்கிற எல்லாரும் இதுல விழுவாங்க. லோரி பழத்தக் கொட்டுற ரேம்புல தரம் பிரிக்க ஒரு தம்பி புதுசா சேந்தான், பள்ளிக்கூடத்துல எஸ்.பி.எம். பரீட்ச முடிச்சு ரெண்டு மாசம். பச்சக் குலைய எல்லாம் பழுத்ததோட சேத்து விட்டுட்டான். நான் பக்கத்துல போயி ரொம்ப பொறுமையா "நீயே சொல்லு தம்பி, இத எப்பிடி சரி பண்ணலாம்?"ன்னு கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சுகிட்டு நின்னான். மறுபடி கேட்டேன். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. அவனுக்கு தெரியாது, தெரியாததக் கேள்வி மேல கேள்வி கேட்டா அது கோச்சிங் இல்ல, சித்திரவத. உள்ள இருக்குறதத்தான் கேள்வி வெளிய கொண்டாரும், உள்ள ஒண்ணுமே போடாம கேட்டா எங்கேருந்து வரும்? அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல, பெரட்டுல எங்க அப்பா நின்ன மாதிரியே ஒரு புள்ளைய நிக்க வெச்சுட்டேனேன்னு.

மறுநாள் மொதல்ல இருந்து சொல்லிக்குடுத்தேன். ரெண்டாம் உலகப் போர் சமயம், 1940ல இருந்து 45 வரைக்கும், அமெரிக்காவுல ஃபேக்டரிக்கு புது ஆளுங்க கூட்டம் கூட்டமா வந்தப்ப அவுங்களுக்கு சொல்லிக்குடுக்க ஒரு நாலு படி மொற வெச்சிருந்தாங்க. ஆளத் தயார் பண்ணு, செஞ்சு காட்டு, அவனச் செய்ய வையி, பெறகு போயி போயி பாரு. ஆளு கத்துக்கலன்னா சொல்லிக்குடுத்தவரு சரியா சொல்லிக்குடுக்கலன்னு அர்த்தம்னு அதுல ஒரு வரி வரும், அத நான் இன்னமும் மனசுல வெச்சிருக்கேன். ரெண்டு குலைய பக்கம் பக்கமா வெச்சேன். ஒண்ணு கருஊதாவா இறுகலா இருக்கு, ஒரு பழம் கூட கழண்டு வரல. இன்னொண்ணு செவந்த ஆரஞ்சு, பழம் உதுந்த குழிங்க தெரியுது. ரெண்டுலயும் ஒரு பழத்த கத்தியால கீறிக் காட்டுனேன், ஒண்ணுல சதை வெளிறிப் போயி மஞ்சளா, இன்னொண்ணுல நல்ல ஆரஞ்சு, வெரல்ல எண்ணெய் பிசுக்குன்னு ஒட்டுது. நூறு டன் பழம் அரைச்சா சுமாரா இருவது டன் எண்ணெய் வரும், பச்சக் குலை சேர சேர அது எறங்கிக்கிட்டே போகும்னு காரணத்தையும் சொன்னேன். பெறகு பத்து குலைய அவன் பிரிச்சான், ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லிக்கிட்டே. ரெண்டு தப்பு. அடுத்த பத்துல ஒண்ணும் இல்ல. மூணு வாரம் கழிச்சுத்தான் "சந்தேகமா ஒரு குலை வந்தா நீ என்னா பாக்குற?"ன்னு கேட்டேன், அப்ப அவன்கிட்ட பதில் இருந்துச்சு, எனக்கு தோணாத ஒண்ணும் சேத்து சொன்னான், காம்பு வெட்டுன எடம் காஞ்சிருக்கான்னு பாப்பேன்ணே, எப்ப வெட்டுனதுன்னு தெரிஞ்சிடும்னு.

தெரியாதவருக்கு செஞ்சு காட்டணும், தெரிஞ்சும் மாட்டிக்கிட்டு நிக்கிறவர கோச்சிங் பண்ணணும். ஆபத்துன்னா ரெண்டும் கெடையாது. பழத்த வேக வெக்கிற ஸ்டெரிலைசர்ல 3 பார் நீராவி இருக்கு, ப்ரெஷர் முழுசா எறங்காம ஒருத்தன் கதவுகிட்ட போறான்னா "என்னா நெனைக்கிறீங்க"ன்னு கேக்காதீங்க, கத்துங்க. கோச்சிங் எல்லாம் அப்புறம் ஒக்காந்து பேசுறப்ப. அதே மாதிரி ஒருத்தர் வேல திடீர்னு எறங்குனா அது எப்பவும் வேலப் பிரச்சனையா இருக்காது, வீட்டுல மருத்துவச் செலவு, சம்பளத்துல ஓவர்டைம் விட்டுப்போச்சு, பாதுகாப்பு பூட்ஸு கிழிஞ்சு போச்சு. அங்க கேள்வி கேட்டு யோசிக்க வெக்கிறது தப்பு, சம்பளத்த சரி பண்ணிக் குடுங்க, பூட்ஸ வாங்கிக் குடுங்க.

வெளிநாட்டு ஆளுங்களோட வேல செய்யிறவங்களுக்கு இன்னொண்ணு. பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசியா தம்பிங்க எல்லாத்துக்கும் "ஓகே பாஸ், பாஹம் பாஸ்"தான் சொல்வாங்க, புரிஞ்சாலும் புரியாட்டியும். வேல பர்மிட்ட நெனச்சு பயப்படுற ஆளு "புரியல"ன்னு சொல்ல மாட்டான். அதனால பாஹமான்னு கேக்குறத விட்டுட்டு "சுபா துஞ்சுக்"னு சொல்லுங்க, செஞ்சு காட்டட்டும். "சூசா டி மானா?"ன்னு கேளுங்க, எங்க கஷ்டம்னு வெரல நீட்டிக் காட்டிடுவான். நாலஞ்சு மலாய் வார்த்தையில கோச்சிங் பண்ணலாம், மொழி பெரிய தடை இல்ல, அவசரம்தான் தடை.

குறை சொல்ல வேண்டிய நேரத்துல எப்பிடி சொல்றதுங்கிறது தனிக் கலை. எப்ப எங்க நடந்துச்சு, நீங்க பாத்தது என்னா, அதனால யாருக்கு என்னா ஆச்சு, இந்த மூணும் இருந்தா போதும். "நீ எப்பவும் லேட்டு"ன்னா சண்ட. "செவ்வாயும் வெள்ளியும் 7 மணி ஷிஃப்டுக்கு 7.20க்கு வந்தீங்க, நைட் ஷிஃப்ட்காரரு அதுவரைக்கும் பாய்லர விட்டுட்டு போக முடியாம நின்னாரு"ன்னா, மறுக்க ஒண்ணும் இல்ல, மனசும் நோகாது. பாராட்டுறதும் இப்பிடித்தான், "குட் குட்"னு முதுகுல தட்டுறது ஒட்டாது, எத நல்லா செஞ்சாருன்னு பேர் சொல்லி சொல்லுங்க.

எங்க பேசுறீங்கங்கிறதும் முக்கியம், அதுலயும் நம்ம மாதிரி தோட்டத்து ஊருன்னா ரொம்பவே. மாமாக் சாப்பாட்டுக் கடையில தே தாரே டீ வாங்கிக்குடுத்து பேசலாம்னு தோணும், ஆனா பக்கத்து மேசையில அவரு மச்சான் இருப்பாரு, பின்னாடி மேசையில கோயில் கமிட்டிக்காரரு. ஆலையில காலையில சொன்னது சாயங்காலம் அவரு வீட்டு அடுப்படிக்கு போயிடும். ஒருத்தர் உங்ககிட்ட மனசு விட்டு சொன்னது ஒரு தடவ வெளிய போச்சுன்னா அவரு மட்டும் இல்ல, மொத்த ஷிஃப்டும் வாய மூடிக்கும், அத திரும்பத் தொறக்க வருசக்கணக்காகும். ஸ்டோருக்குப் பின்னாடி, லைன்ல நடந்துகிட்டே, இப்பிடி எங்கயாச்சும் வெச்சுக்கங்க. வயசுல மூத்தவருன்னா அண்ணே, அக்கான்னு கூப்பிட்டு, "நீங்க பாத்த அனுபவத்துல சொல்லுங்க"ன்னு ஆரம்பிங்க, அது மரியாதையும் கூட, உண்மையும் கூட.

நேரம் இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கால் மணி நேரம், அவ்ளோதான். ஒரு சின்ன நோட்டுல தேதி, அவரு என்னா செய்யிறேன்னு சொன்னாரு, எப்ப பாக்கலாம்னு சொன்னீங்க, மூணு வரி. அந்த மூணாவது வரியில எழுதுன தேதியில போயி நில்லுங்க, போகலன்னா முன்னாடி பேசுனது அத்தனையும் வீண். மலேசியாவுல 10 உள்நாட்டு ஆளு, இல்ல அதுக்கு மேல இருக்குற பெரும்பாலான கம்பெனிங்க பயிற்சிக்குன்னு எச்.ஆர்.டி. கோர்ப்புங்கிற அரசாங்க அமைப்புக்கு சம்பளத்துல 1 விழுக்காடு கட்டுது, அந்தக் காசுல உங்கள கோர்ஸுக்கு அனுப்பச் சொல்லி மேனேஜர்கிட்ட கேளுங்க, தப்பே இல்ல. ஆனா ரெண்டு நாள் ஹோட்டல்ல ஒக்காந்து கத்துக்கிட்டது ஆலையில நிக்கணும்னா இந்த கால் மணி நேரம் வேணும். கூகள் கம்பெனியே 2008 வாக்குல மேனேஜர்னு ஒருத்தர் தேவையான்னு ஆராயப் போயி, நல்ல மேனேஜர்ங்ககிட்ட இருக்குற எட்டு பழக்கத்துல மொதலாவதா நல்ல கோச்சா இருக்குறதத்தான் எழுதுனாங்க. அங்க கம்ப்யூட்டர் எஞ்சினியருங்க, இங்க ரேம்பும் பாய்லரும், ஆளு ஆளுதான்.

கடைசியா, என் அக்கா மகனுக்கு சொல்ல மறந்தது. கேள்வி கேட்டா எந்தப் பதில் வேணாலும் வரும், அது நீங்களா கூட இருக்கலாம்.

எங்க ஸ்டெரிலைசர்ல ஒரு அண்ணன் இருக்காரு, இன்னும் நாலு வருசத்துல ரிட்டையர் ஆகப்போறவரு. பழத்த ஒரு தடவ வேக வெக்க ஏறக்குறைய 90 நிமிசம், அடுத்த பழக் கூண்டு ஏத்துறதுல அவரு ஷிஃப்ட்ல மட்டும் இடைவெளி விழுந்துகிட்டே இருந்துச்சு. ஒக்காந்து கேட்டேன், எங்க மாட்டுதுண்ணே. ரொம்ப நேரம் சொல்லல. கைத்துண்டால மொகத்த தொடச்சாரு, கூண்டு வண்டியப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "தப்பா நெனைக்காதீங்க. பத்து மணிக்கு லோரி கூடுனா நீங்க வந்து என் ஹெல்ப்பர ரேம்புக்கு இழுத்துட்டு போறீங்க. நான் தனியா கூண்டு தள்ளிக்கிட்டு இருக்கேன். பன்னெண்டு மணிக்கு வந்து ஏன் லேட்டுங்குறீங்க."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. விளக்கம் சொல்ல வாய் வந்துச்சு, லோரி நின்னா மேனேஜர் என்னையத்தான் கேப்பாரு, அது இதுன்னு. சொல்லல. "எத்தன நாள் அப்பிடி பண்ணுனேன்?"ன்னு கேட்டேன். அவரு நோட்டு எடுத்தாரு, பழைய கேலண்டர் தாள மடிச்சு தச்ச நோட்டு, தேதி போட்டு எழுதி வெச்சிருந்தாரு. ஒரு மாசத்துல ஒம்பது நாள். இப்ப ரேம்புக்கு ஆள் வேணும்னா பருப்பு பிரிக்கிற கெர்னல் பக்கத்துல இருந்துதான் எடுக்குறேன், அதுவும் பத்து மணிக்கு முன்னாடியே அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு. அவரு இன்னும் நோட்டுல எழுதுறாரு, மாசக் கடைசியில ரெண்டு பேரும் சேந்து எண்ணுறோம்.